கேஸ் தோம்பை எங்கே மாற்றுவது, என்ன விலை கொடுப்பது



தோட்டத்து வீடுகளில் மாதச் செலவைக் கணக்கெடுத்தால், அரிசி, மீன், பிள்ளைகளின் பள்ளிச் செலவு என்று எழுதி முடித்த பிறகு தவறாமல் வந்து நிற்பது கேஸ் தோம்பு. நம் பாட்டிமார் காலத்தில் இந்தச் செலவு கிடையாது. பால்மரங்கள் நிறைந்திருந்த நாட்களில், மறுநடவுக்காகப் பழைய மரங்களைச் சாய்த்தார்களானால் பல மாதங்களுக்கு வேண்டிய விறகு லயத்தின் பின்புறம் அடுக்கப்பட்டுவிடும். விறகு நனைந்துபோனால் மண்ணெண்ணெய் அடுப்பு கைகொடுக்கும். இன்று குளுவாங், கூலாய், சிகாமட், லாபிஸ் வட்டாரங்களில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான். செம்பனை மட்டையை வைத்து இரண்டு வேளை சோறாக்க முடியாது. ஆகவே லயத்து வீடானாலும், தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் குடியிருக்கும் மலிவு வீடானாலும், அடுப்புக்கு எரிவாயுவைத்தான் நம்பியிருக்கிறோம்.

தோம்பு காலியானால் எங்கே மாற்றுகிறீர்கள் என்று தாய்மார்களைக் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். "வேறெங்கே? தோட்டத்துக் கடையில்தான்." எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேட்டால், "கடைக்காரர் புத்தகத்தில் எழுதிக்கொள்வார், சம்பளத்தன்று பார்த்துக்கொள்வோம்" என்பார்கள். இந்த இரண்டு பதில்களையும் சற்று அலசிப் பார்ப்பதற்காகத்தான் இன்றைய பேச்சு.

முதலில் விலையைப் பார்ப்போம். வீட்டுச் சமையலுக்கான எரிவாயுவை நம் நாட்டில் அவரவர் விருப்பத்துக்கு விலை வைத்து விற்க முடியாது. அது அரசாங்கம் மானியம் கொடுத்து, விலையையும் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் பொருள். தீபகற்ப மலேசியாவில் 2025-ஆம் ஆண்டு நிலவரப்படி கிலோவுக்கு 1 வெள்ளி 90 காசு. 14 கிலோ தோம்பு 26 வெள்ளி 60 காசு. 12 கிலோ என்றால் 22 வெள்ளி 80 காசு, 10 கிலோ என்றால் 19 வெள்ளி. பச்சைத் தோம்பானாலும் நீலத் தோம்பானாலும் இதே கணக்குதான். ஒரு கம்பெனியின் எரிவாயு நன்றாக எரியும், இன்னொன்று சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கலாம். எல்லாவற்றிலும் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவைதான். தோம்பு சீக்கிரம் தீர்வதற்கு வேறு காரணம் இருக்கலாம். அதற்குப் பிறகு வருகிறேன்.

எரிவாயுவின் விலை எங்கும் ஒன்றே என்றால், பக்கத்துத் தோட்டத்தில் 28 வெள்ளி, நம் தோட்டத்தில் 33 வெள்ளி என்று வித்தியாசம் எப்படி வருகிறது? அது தூக்கி வருவதற்கான கூலி. பட்டணத்திலிருந்து தோட்டம் வரையில் லாரியில் ஏற்றி, மண் ரோட்டில் கொண்டுவந்து, வாசலில் இறக்கும் கூலி அதில் சேர்ந்திருக்கிறது. சில இடங்களில் கடனுக்கான இலாபமும் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கும். கூலி வாங்குவது தவறு என்று நான் சொல்லவரவில்லை. யாரோ ஒருவர் தூக்கத்தானே வேண்டும்? ஆனால் எரிவாயுவுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டுத் தெரிந்துகொள்வது வாங்குகிறவரின் உரிமை. பிரித்துக் கேட்கும்போதுதான் இந்தக் கூலியை நாமே மிச்சப்படுத்த முடியுமா என்ற யோசனை பிறக்கும்.

நீங்களே போய் எடுப்பதானால் பட்டணத்தில் இரண்டு வகையான இடங்கள் உண்டு. ஒன்று, எரிவாயு விற்கும் முகவரின் கடை. மற்றொன்று, பெட்ரோல் நிலையம். பெட்ரோல் நிலையங்கள் பலவற்றில், கட்டடத்துக்கு வெளியே கம்பிக் கூண்டு போட்டு அதற்குள் தோம்புகளை வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலித் தோம்பைக் கொடுத்து, கட்டுப்பாட்டு விலையைக் கட்டி, நிரம்பிய தோம்பை எடுத்து வரலாம். ரசீதும் கிடைக்கும். முகவரின் கடை மாலையில் மூடிவிடும். பெட்ரோல் நிலையமோ பெரும்பாலும் இரவிலும் திறந்திருக்கும். வேலை முடிந்து போகிறவர்களுக்கு இது வசதி.

ஆனால் ஒரு தோம்புக்காகவே பட்டணம் போவது இலாபமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோட்டத்துக் கடையில் 33 வெள்ளி, பட்டணத்தில் 26 வெள்ளி 60 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 6 வெள்ளி 40 காசு. போகவர நாற்பது கிலோமீட்டர் என்றால் மோட்டாருக்குச் சுமார் ஒரு லிட்டர் பெட்ரோல், அதாவது 2 வெள்ளியை ஒட்டிய செலவு. ஏறத்தாழ நான்கரை வெள்ளி கையில் நிற்கும். அதற்காக ஒரு பிற்பகல் முழுவதும் செலவாகிறது என்றால், என் கருத்தில் அது பிரயோசனமில்லாத பயணம். ஆனால் சந்தைக்கோ மருத்துவமனைக்கோ வங்கிக்கோ எப்படியும் போகிற நாளில் தோம்பையும் கொண்டுபோனால், ஆண்டுக்குப் பத்துத் தோம்பு மாற்றுகிற குடும்பத்துக்கு 64 வெள்ளி மிஞ்சும். பிள்ளைக்கு ஒரு ஜோடி பள்ளிச் சப்பாத்தும் புத்தகப் பையும் வாங்க அது உதவும்.

மோட்டாரில் ஏற்றும்போது தோம்பு நிமிர்ந்தே இருக்க வேண்டும். படுக்க வைத்துக் கட்டக் கூடாது. வண்டி குலுங்கினாலும் சாயாதபடி இறுகக் கட்டுங்கள். காரில் என்றால் கண்ணாடியை இறக்கி விட்டு, வழியில் எங்கும் தாமதிக்காமல் வீடு வந்து சேருங்கள். வெயிலில் காரை நிறுத்திப் பூட்டிவிட்டுக் கறி வாங்கப் போகாதீர்கள்.

மோட்டாரும் காரும் இல்லாத வீடுகள் என்ன செய்வது? முதியவர்களும், கணவரை இழந்த தாய்மாரும் இருக்கும் வீடுகளில் இது உண்மையான கஷ்டம். ஒரே ஒரு தோம்புக்காகச் செம்பனைக் காட்டுக்குள் பத்து கிலோமீட்டர் வர முகவர் தயங்குவார். வந்தாலும் கூலி கூடுதலாகத்தான் இருக்கும். அதுவே பத்துத் தோம்பு என்றால் மகிழ்ச்சியோடு வருவார். லயத்தில் உள்ள வீடுகள் பேசி வைத்துக்கொண்டு, மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, ஒருவர் பொறுப்பேற்று நோட்டுப் புத்தகத்தில் பெயரும் பணமும் எழுதி, ஒரே தொலைபேசி அழைப்பில் சொல்லிவிட்டால், தோம்புக்கு இவ்வளவுதான் கூலி என்று பேரம் பேச முடியும். கோவில் திருவிழாவுக்கு வரி வசூலிக்கத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையா? ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். நிரம்பிய தோம்புகள் அத்தனையையும் ஒரே வீட்டில் இறக்கி வைக்கக் கூடாது. லாரி வந்தவுடன் அவரவர் தோம்பு அவரவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

புதிதாகக் குடித்தனம் தொடங்குகிறவர்கள் முதல் தோம்பை வாங்கும்போதே இதையெல்லாம் யோசிக்க வேண்டும். தோம்பு நமக்குச் சொந்தமல்ல. அது கம்பெனியின் உடைமை. நாம் முன்பணம் கட்டி அதைப் பயன்படுத்துகிறோம். பெட்ரோனாஸ், பெட்ரோன், பி.எச்.பி., மீரா, சோலார் என்று பல பெயர்கள் உண்டு. எஸ்ஸோ என்று நாம் பழகிய பெயர், 2012-இல் கம்பெனி கைமாறிய பிறகு பெட்ரோன் ஆயிற்று. பொதுவாக ஒரு கம்பெனியின் காலித் தோம்புக்கு அதே கம்பெனியின் நிரம்பிய தோம்பைத்தான் கேட்டு வாங்க முடியும். சில முகவர்கள் வேறு கம்பெனித் தோம்பையும் ஏற்றுக்கொள்வார்கள், சிலர் மறுத்துவிடுவார்கள். அதோடு வால்வின் வாய் எல்லாத் தோம்புக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு வகைக்கான ரெகுலேட்டர் இன்னொரு வகையில் உட்காராது. ஆகவே நிறத்தையும் விளம்பரத்தையும் பார்க்க வேண்டாம். உங்கள் தோட்டத்தைச் சுற்றி எந்தக் கம்பெனியின் தோம்பு இரண்டு மூன்று இடங்களில் கிடைக்கிறதோ, அதையே தேர்ந்தெடுங்கள். ஒரு கடையை மட்டுமே நம்பியிருக்கும் வீடு, அந்தக் கடைக்காரர் சொல்லும் விலைக்குத் தலையாட்டித்தான் ஆக வேண்டும். முன்பணம் கட்டிய ரசீதைப் பிறப்புப் பத்திரங்களோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். தோட்டத்தை விட்டுப் போகும்போது தோம்பைத் திருப்பிக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதையும் அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தோம்பு ஏன் சீக்கிரம் தீர்கிறது என்ற விஷயத்துக்கு இப்போது வருகிறேன்.

பால் வெட்டிய காலத்தில், ஸ்டோரில் பால் நிறுக்கும்போது தராசைப் பார்க்காமல் திரும்பிய வெட்டுக்காரர் உண்டா? அரை இறாத்தல் குறைந்தாலும் கிராணியிடம் வாதாடியவர்கள் நம் பெற்றோர். ஆனால் 14 கிலோ என்று பணம் கொடுத்து வாங்கும் எரிவாயுவை நாம் யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. நிறுப்பது மிகவும் எளிது. காலித் தோம்பு எத்தனை கிலோ என்பது அந்தத் தோம்பிலேயே பதிக்கப்பட்டிருக்கும். மேலே கைப்பிடி வளையத்தைச் சுற்றிப் பார்த்தால் தெரியும். அந்த எண்ணோடு பதினான்கைக் கூட்டுங்கள். உதாரணமாக, தோம்பில் 15.2 என்று இருந்தால், நிரம்பிய தோம்பு 29.2 கிலோ இருக்க வேண்டும். கடையில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசு இருக்குமே, அதில் வைத்துப் பார்க்கலாம். தராசு கொஞ்சம் முன்னே பின்னே காட்டலாம். ஆனால் இரண்டு கிலோ குறைந்தால் அது தராசின் குறையாக இருக்க முடியாது.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள கவலையல்ல. இந்தியாவில் வீட்டுக்குத் தரப்படும் தோம்பு 14.2 கிலோ. கொண்டுவரும் ஆள் அதை வாசலிலேயே நிறுத்துக் காட்ட வேண்டும் என்று கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. அமெரிக்காவில் சக்கரம் வைத்த வீடுகளில் ஊர் ஊராகப் பயணம் செய்கிறவர்களும் புரோப்பேன் தோம்பு வைத்துத்தான் சமைக்கிறார்கள். அங்கே இரண்டு வழிகள் உண்டு. நிலையத்துக்குத் தோம்பைக் கொண்டுபோய் நம் கண் முன்னாலேயே நிரப்பிக்கொள்ளலாம். அல்லது கடை வாசலில் உள்ள கூண்டில் மாற்றிக்கொள்ளலாம். மாற்றுவது வசதிதான். ஆனால் 2008-ஆம் ஆண்டில் விலை ஏறியபோது, 20 பவுண்டு தோம்பில் அதுவரை 17 பவுண்டு நிரப்பிக் கொடுத்துவந்த கம்பெனிகள், விலையை ஏற்றுவதற்குப் பதிலாக நிரப்பும் அளவை 15 பவுண்டாகக் குறைத்துவிட்டன. தோம்பு அதே தோம்புதான். உள்ளே இருப்பதுதான் குறைந்தது. தோம்பின் தோற்றத்தை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

நம் நாட்டில் வீட்டுத் தோம்பை வாடிக்கையாளருக்கு நேரில் நிரப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. நிரப்பும் வேலை அதற்கென்று உள்ள நிலையங்களில் நடக்கிறது. நாம் மாற்றிக்கொள்கிறோம், அவ்வளவுதான். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மலிவாக நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், ஒரு தோம்பைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குழாய் போட்டு இன்னொன்றில் இறக்குகிறார்கள் என்று அர்த்தம். மானிய விலைத் தோம்பிலிருந்து வணிகத் தோம்புக்கு இப்படி மாற்றி இலாபம் பார்க்கும் கொட்டகைகளில் அதிகாரிகள் பல தடவை சோதனை நடத்தித் தோம்புகளைப் பறிமுதல் செய்திருக்கிறார்கள். அது குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதில் உயிருக்கே ஆபத்து இருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். தோம்புக்குள் இருப்பது அழுத்தத்தால் திரவமாக்கப்பட்ட வாயு. நிரப்பும் நிலையத்தில் அதை முழுக்க நிரப்புவதில்லை. ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குக்குத்தான் திரவம். மேலே கொஞ்சம் வெற்றிடம் விடுவார்கள். வெயில் ஏறும்போது திரவம் விரியும். விரிவதற்கு இடம் வேண்டும். கொட்டகையில் நிரப்புகிறவர் அளவு பார்க்காமல் விளிம்பு வரை நிரப்பிவிட்டால், தகரக் கூரையின் சூட்டில் அந்தத் திரவம் எங்கே போகும்? மேலும், மாற்றும்போது வெளியேறும் வாயு காற்றைவிடக் கனமானது. புகைபோல் மேலே எழும்பிப் போய்விடாது. தண்ணீர்போல் தரையில் படர்ந்து, வடிகாலிலும் கட்டிலுக்கு அடியிலும் தேங்கும். சற்றுத் தள்ளி யாரோ மோட்டாரை உதைத்துக் கிளப்பும் தீப்பொறி போதும். சிறிய அடுப்புக்கான டின் கேஸையும் சிலர் இப்படி நிரப்புகிறார்கள். அந்த டின் ஒரே தடவைப் பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்டது. அதை நிரப்பாதீர்கள், நிரப்பியதை வாங்கவும் வாங்காதீர்கள்.

ஆகவே மாற்றும்போது வால்வின் வாயில் கம்பெனியின் முத்திரை மூடி உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மூடி இல்லாத தோம்பையும், அடியில் துருப்பிடித்ததையும், நசுங்கியதையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டில் பூட்டிய பிறகு சவர்க்கார நுரையை இணைப்பில் தடவிப் பாருங்கள். குமிழி எழும்பினால் கசிகிறது என்று பொருள். ரெகுலேட்டரும் ரப்பர் குழாயும் சிரிம் முத்திரை உள்ளவையாக இருக்கட்டும். குழாய் விறைத்துப்போனாலோ வெடிப்பு கண்டாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். மாதக்கணக்கில் மெல்லக் கசிந்துகொண்டிருக்கும் குழாயும் தோம்பு சீக்கிரம் தீர ஒரு காரணம். வீட்டில் கெட்ட நாற்றம் வந்தால் அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடிவிட்டுக் கதவு சன்னல்களைத் திறந்து, பிள்ளைகளோடு வெளியேறுங்கள். விளக்கு விசையைத் தொட வேண்டாம், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்த பிறகு 999-க்கு அழையுங்கள்.

ஒரு தோம்பு எத்தனை நாள் வர வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பெரிய அடுப்பு முழுச் சுடரில் எரிந்தால் மணிக்குச் சுமார் கால் கிலோ பிடிக்கும். 14 கிலோ என்றால் ஐம்பது மணி நேரத்தைச் சற்று ஒட்டி வரும். நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் எரிக்கும் வீட்டில் ஒரு மாதத்துக்கு மேல் தாங்க வேண்டும். மாற்றிய தேதியைச் சுவர் நாட்காட்டியில் குறித்து வாருங்கள். வழக்கத்துக்கு மாறாகப் பத்து நாள் முன்னதாகத் தீர்ந்தால், கசிவா, எடைக் குறைவா என்று பார்க்கலாம். இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அறிய, ஈரத் துணியால் தோம்பைத் துடைத்துவிட்டுக் கவனியுங்கள். திரவம் உள்ள கீழ்ப்பகுதி மெதுவாகக் காயும். காலியான மேல்பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும். கடைசிச் சொட்டுவரை எரிப்பதற்காகத் தோம்பைப் படுக்க வைப்பதும், கொதிநீரில் நிறுத்துவதும் கூடவே கூடாது. படுத்த தோம்பிலிருந்து திரவமே குழாய்க்குள் பாய்ந்து சுடர் சீறும்.

சீனப் புத்தாண்டின்போது பல முகவர்கள் சில நாட்களுக்குக் கடையை மூடிவிடுவார்கள். நோன்புப் பெருநாளுக்கு முன்னும் நெரிசல் இருக்கும். நம் தீபாவளிக்குப் பலகாரம் சுடுவதால் தோம்பு எதிர்பாராமல் தீர்ந்துபோகும். இதைவிட முக்கியமானது மழைக்காலம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் வந்த வெள்ளம் சிகாமட், கோத்தா திங்கி மக்களுக்கு மறக்காது. 2023 மார்ச் மாதத்திலும் பத்து பகாட், சிகாமட் வட்டாரங்களில் பெருவெள்ளம் வந்தது. ரோடு தண்ணீருக்குள் போனால் லாரி வராது. நவம்பர் பிறக்கும் முன்பே தோம்பை மாற்றிவிடுங்கள். வசதியுள்ளவர்கள் இரண்டாவது தோம்பு ஒன்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால் ரெகுலேட்டரைக் கழற்றித் தோம்பைத் தூணோடு கட்டிவிடுங்கள். தோம்பு மிதந்து போகக்கூடியது.

காலையில் நாசி லெமாக், தோசை, வடை செய்து விற்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. 2021 அக்டோபர் 15 முதல், ஒரே நேரத்தில் 42 கிலோவுக்கு மேல், அதாவது மூன்று தோம்புகளுக்கு மேல், வைத்துப் பயன்படுத்தும் வணிகர்களுக்கு அனுமதிப் பத்திரம் தேவை என்ற விதி வந்தது. வணிகத்துக்கென்று ஊதா நிறத்தில் வரும் தோம்புக்கு மானியம் இல்லை. 2025-இல் 14 கிலோவே 70 வெள்ளியை ஒட்டிய விலையாக இருந்தது. 2025 மே மாதம் இதற்கான சோதனைகள் தொடங்கியபோது சிறு அங்காடிக்காரர்கள் கலங்கிப்போனார்கள். அதன் பிறகு, சிறிய உணவு வியாபாரிகள் மானியத் தோம்பையே பயன்படுத்தலாம் என்று அமைச்சு அறிவித்தது. இருந்தாலும் வியாபாரம் பெருகி அடுப்பு கூடும்போது, அமைச்சின் வட்டார அலுவலகத்தில் ஒருமுறை நேரில் கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டுச் சமையலுக்கு மட்டும் வாங்குகிறவர்களுக்கு எந்தப் பத்திரமும் வேண்டியதில்லை. யாராவது கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

கடையில் நேரில் எடுக்கும் தோம்புக்குக் கட்டுப்பாட்டு விலைக்கு மேல் கேட்டாலோ, விலைச் சீட்டு மாட்டியிருக்காவிட்டாலோ, எடை குறைந்தாலோ, முறையிட வேண்டிய இடம் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு. கட்டணமில்லாத தொலைபேசி எண் 1-800-886-800. பேசுமுன் கடையின் பெயர், வாங்கிய தேதி, கொடுத்த தொகை ஆகியவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரசீது இருந்தால் அதையும் கையில் வைத்திருங்கள். மலாய் சரளமாக வராத பெரியவர்கள் பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசலாம்.